ஆறு மில்லிமீட்டர்

ஜனவரி 11

அக்காவுக்கு,

முதல்ல நலம் விசாரிக்கணுமாம். லெட்டர் எழுதறது எப்படின்னு ஒரு வீடியோ பார்த்தேன், அதுல சொன்னாங்க. நான் நல்லா இருக்கேன். அம்மா நல்லா இருக்காங்க, முட்டி வலியைத் தவிர. அப்பா நல்லா இருக்கார், வாயைத் தவிர. நீ எப்படி இருக்க? உன் மாமியார், அதான் நம்ம அத்தை, எப்படி இருக்காங்க? உன் தோள்பட்டையை இப்ப முழுசா தூக்க முடியுதா?

சரி, மேட்டருக்கு வர்றேன். நீ என்னை ஒன்பது இடத்துல பிளாக் பண்ணியிருக்க. எண்ணிப் பார்த்தேன். நானே மறந்து போன ஒரு ஆப்ல கூட தேடிப் பிடிச்சு பிளாக் பண்ணியிருக்க. போன் பண்ணா பிஸி. அம்மா போன்ல இருந்து பண்ணா, என் குரல் கேட்டதும் கட். மிச்சம் இருக்கிறது தபால்காரர்தான். அவருக்கு பிளாக் பட்டன் கிடையாது.

நான் போட்ட மாமா கார் வீடியோவை, நீ பிளாக் பண்ண அன்னிக்கே தூக்கிட்டேன் அக்கா. ஆனா சத்தியமா எனக்கு என்ன தப்புன்னு புரியல. அந்த ஆக்சிடென்ட்ல மாமா போய் எட்டு மாசம் ஆச்சு. அவர் பிறந்தநாளுக்கு அவர் காரை செஞ்சு காட்டணும்னு ஆசைப்பட்டேன். ஒடைஞ்ச காரை இல்ல, ஓடின காரை. நிஜத்துல இருபத்திநாலுல ஒரு பங்கு. உள்ளங்கையில உட்காரும். பின் பம்பர்ல மாமா நம்ம வீட்டு கேட்ல தேய்ச்ச கோடு, ஒரு வீல் கப் காணாம போனது, பின் கண்ணாடியில பாதி உரிஞ்ச ஸ்டிக்கர், சாம்பல் கலர் வெயில்ல வெளுத்து பானெட் மேல மட்டும் சுண்ணாம்பு மாதிரி ஆனது, எல்லாம் அப்படியே வெச்சேன். அந்த வெளுப்புக்கு மட்டும் பதினோரு கோட் பெயிண்ட். மாடல் கார்னா பளபளன்னு இருக்கணும்னு நெனைக்கறவன் வேற கட்சி. நான் அழுக்குக் கட்சி. எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்.

எனக்கு முதல் மாடல் கார் கிட் வாங்கிக் கொடுத்ததே மாமாதானே. விரலையும் உதட்டையும் சேர்த்து ஒட்டிக்கிட்டு நான் நின்ன அன்னிக்கு எனக்கு 'பிசின்'னு பேர் வெச்சதும் அவர்தான். வீட்ல இப்ப என் நிஜப் பேர் யாருக்கும் ஞாபகம் இல்ல.

நாலாயிரம் பேர் பார்த்தாங்க. அதுல ஒரு ஆளுக்கு அது வலிக்கும்னு நான் யோசிக்கல. என்ன வலிச்சதுன்னு மட்டும் சொல்லு. திட்டு வேணா திட்டு.

லெட்டரை எப்படி முடிக்கறதுன்னு தெரியல. ஸ்கூல் லீவ் லெட்டர்ல 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்'னு போடுவோம். மாணவனை அடிச்சுட்டு தம்பின்னு படிச்சுக்கோ.

பிசின்

•

பிப்ரவரி 2

அக்கா,

எனக்கு சளி. மத்தபடி எல்லாரும் சௌக்கியம். அங்க அத்தையும் நீயும் எப்படி இருக்கீங்க?

முதல் லெட்டர் வந்துச்சா? இதுல ரெண்டு டிக்கும் விழாது, 'டைப்பிங்'னும் காட்டாதுன்னு இப்பதான் உறைக்குது. பெட்டியில போட்டுட்டு சும்மா இருக்கணும். அந்தக் காலத்துல எப்படித்தான் லவ் பண்ணாங்களோ. நான் பேனாவும் கையுமா உட்கார்ந்திருக்கறதைப் பார்த்துட்டு அம்மா, "யாருடா அந்தப் பொண்ணு?"ன்னாங்க. "உங்க பொண்ணுதான்"னேன். உள்ள போயிட்டாங்க.

நானா யோசிச்சுப் பார்த்தேன். பின்னாடி ஓடின மியூசிக்கா? கேட்ல தேய்ச்ச கதையை சொல்லி நான் சிரிச்சதா? 'மாமாவுக்கு அர்ப்பணம்'னு போட்டுட்டு கீழேயே 'சப்ஸ்கிரைப் பண்ணுங்க'ன்னு போட்டதா? அது கேவலம்தான், ஒத்துக்கறேன். அந்த வரியை இப்ப நெனைச்சாலும் கூசுது.

ஜெராக்ஸ் கடையில வேலை டைட். ஓனர் என்னை 'மைக்ரோ'ன்னு கூப்பிடறார். கஸ்டமர் இல்லாதப்போ நான் ஏதாவது படத்தைச் சின்னதாக்கிக்கிட்டே இருக்கேன்ல, அதனால.

ஒரு வரி போதும் அக்கா. உடம்பைப் பார்த்துக்கோ.

பிசின்

•

பிப்ரவரி 18

தம்பிக்கு,

உன் ரெண்டு லெட்டரும் வந்துச்சு. நான் நல்லா இருக்கேன். அத்தைக்கு பிரஷர் கொஞ்சம் ஏறிச்சு, இப்ப பரவால்ல. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மறுபடி வேலைக்குப் போறேன். தோள்பட்டை முக்கால்வாசி தூக்க முடியுது. மேல் தட்டுல இருக்கிற ஃப்ரேம் மட்டும் எடுக்க முடியல, கூட வேலை பார்க்கற பொண்ணு எடுத்துத் தர்றா.

வீடியோ போட்டதுல எனக்குக் கோபம் இல்ல. மியூசிக்கும் இல்ல.

ஒண்ணு மட்டும் கேக்கறேன். டிரைவர் சீட்டை ஏன் அந்த இடத்துல வெச்ச? அப்படி வைக்கச் சொன்னது யாரு?

அம்மாவை மாடிப்படி ஏற வேணாம்னு சொல்லு. சளிக்கு ஆவி பிடி.

அக்கா

•

பிப்ரவரி 22

என் அருமை அக்கா,

நான் சூப்பரா இருக்கேன், சளி போயே போச்சு, நீ எழுதிட்டியே! அத்தை பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடறாங்களா?

நீ அதைக் கவனிச்சியா! சீட்டை! நாலாயிரம் பேர்ல அதைக் கவனிச்சது ரெண்டே பேர், அதுல ஒருத்தி என் அக்கா. ரெண்டு கண்ணுக்கு நடுவுல எவ்ளோ தூரம்னு ஸ்கேல் வெச்சு அளக்கறவ இல்லையா, உன் கண்ணுல இருந்து தப்புமா?

யாரும் சொல்லல. நானே கண்டுபிடிச்சது. மாமா கார் மெக்கானிக் ஷெட்ல கிடந்தப்போ உள்ள இருந்த சாமானை எடுக்க அப்பாகூட நானும் போனேன், ஞாபகம் இருக்கா? அப்பா வாசல்லயே நின்னுட்டார். நான்தான் உள்ள தலையை விட்டேன். நாப்பத்திமூணு போட்டோ எடுத்தேன். ஏன்னு தெரியல. அழுகை வந்தா நான் போட்டோ எடுப்பேன் போல.

காரோட வெளிப்பக்கத்துக்கு நம்மகிட்ட பழைய படம் நிறைய இருக்கு. ஆனா காருக்குள்ள யாரு போட்டோ எடுக்கறா? அதனால உள்பக்கம் பூரா அந்த நாப்பத்திமூணை வெச்சுத்தான் கட்டினேன். சீட் துணியோட டிசைனை ஜெராக்ஸ்ல இருபத்தஞ்சு பர்சன்ட், மறுபடி இருபத்தஞ்சு, அப்புறம் அறுபத்தியேழுன்னு மூணு தடவை சுருக்கி, டிஷ்யூ பேப்பர்ல எடுத்து ஒட்டினது. பெல்ட் உன் பழைய ரிப்பன். சீட்டு முன்ன பின்ன நகர அடியில ரெயில் இருக்கும்ல, அதுல பல்லு பல்லா இருக்கும். டிரைவர் சீட் முன்பக்கம் கடைசிக்கு முந்தின பல்லுல இருந்துச்சு. பக்கத்து சீட் முழுசா பின்னாடி. அதை விட இது பதினஞ்சு சென்டிமீட்டர் முன்னாடி. மாடல்ல ஆறு மில்லிமீட்டர். வெர்னியர் வெச்சு அளந்து வெச்சேன்!

இன்னொருத்தன் கமெண்ட்ல என்ன கேட்டான் தெரியுமா? "ப்ரோ, ஓட்டறது யாரு, குள்ளக்கத்தரிக்காவா? சீட்டு ஸ்டியரிங்கோட ஒட்டிக்கிட்டு இருக்கே"ன்னு. மாமா உன்னைக் கூப்பிடற அதே பேர்! எனக்கு சிரிப்பு தாங்கல. வரிசையா சிரிக்கற பொம்மை போட்டேன். கார் உருண்டதுல சீட்டு நகர்ந்திருக்கும்னு பதில் போட்டேன். ஷெட் மெக்கானிக் மட்டும் அன்னிக்கு, "அதெல்லாம் நகராது தம்பி, பல்லுல மாட்டி நிக்குது பாரு"ன்னார். எது எப்படியோ, போட்டோல அப்படித்தான் இருக்கு. போட்டோ பொய் சொல்லாதுல்ல?

வேற என்ன டீடெயில் கவனிச்சன்னு எழுது. கீழ்ப்படிதல் இல்லாத தம்பி,

பிசின்

•

மார்ச் 27

அக்கா,

இங்க எல்லாரும் நலம். அங்க? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு.

நான் ரொம்ப பேசிட்டேனா? அப்பா எப்பவும் சொல்றதுதான். "ஒரு கேள்வி கேட்டா இவன் ஒரு குறிப்பேட்டைத் திறப்பான்"னு. நீ ஒரே ஒரு வரி கேட்ட, நான் பல்லு பல்லா எண்ணிட்டேன்.

இப்ப உனக்கு ஒரு சர்ப்ரைஸ் பண்றேன். சொல்லிட்டா சர்ப்ரைஸ் இல்ல, ஆனா எனக்கு வாய் நிக்காது. மாமாவையே செய்யறேன்! இதுவரைக்கும் நான் ஆள் செஞ்சதே இல்ல. கார் செய்யறவனுக்கு ஆள் வராது, அது தனி வித்தை. கம்பியில எலும்பு, மேல புட்டி மாவுல சதை. ஆறடி மூணங்குலத்தை இருபத்திநாலால வகுத்தா எட்டு சென்டிமீட்டருக்கு மயிரிழை கம்மி. ஒட்டடைக்குச்சி, பாதி ஒசரம் காலுக்கே போயிடுது. மூக்கை நாலு தடவை வெச்சு நாலு தடவை வழிச்சேன். அஞ்சாவது தடவை அவர் மூக்கு வந்துடுச்சு. நான் கொஞ்ச நேரம் எழுந்து வெளிய போய் நின்னுட்டு வந்தேன்.

அந்தக் கோடு போட்ட நீலச் சட்டை போட்டு, ஸ்டியரிங் முன்னாடி உட்கார வெச்சு அனுப்பறேன். அப்பவாவது பேசுவியா?

பிசின்

•

ஏப்ரல் 9

அக்கா,

நாங்க நல்லா இருக்கோம்.

மாமா பொம்மை முடிஞ்சுது. டிரைவர் சீட்ல வெச்சுப் பார்த்தேன். முட்டி ரெண்டும் டேஷ்போர்டுல இடிக்குது. ஸ்டியரிங் வயித்துல ஏறுது. அளவுல தப்பு பண்ணிட்டேன்னு காலை மறுபடி அளந்தேன். தப்பு இல்ல.

அப்புறம் சும்மா, பக்கத்து சீட்ல வெச்சேன். அச்சா உட்கார்ந்தார். கால் நீட்ட இடம் கூட மிச்சம் இருந்துச்சு.

அதுக்கு மேல நான் எதையும் அளக்கல.

நாப்பத்திமூணு போட்டோவையும் அழிச்சுட்டேன். போன்ல, பென் டிரைவ்ல, ஆட்டோமேட்டிக்கா ஏறின இடத்துல, எல்லாத்துலயும். அந்தக் கமெண்ட்டுக்கு நான் சிரிச்சதைத்தான் எங்க போய் அழிக்கறதுன்னு தெரியல. நீ அதைப் படிச்சுட்டுத்தானே என்னை பிளாக் பண்ண? நான் எல்லாம் தெரிஞ்சு, ஊருக்கே காட்டறேன்னு நெனைச்சிருப்ப.

எனக்குத் தெரியாது அக்கா. நான் அளந்தேனே தவிர பார்க்கல.

பதில் போட வேணாம். தோள்பட்டைக்கு அந்த எக்சர்சைஸை விடாம பண்ணு.

பிசின்

•

ஏப்ரல் 28

தம்பிக்கு,

நான் இருக்கேன். அத்தை நல்லா இருக்காங்க. நீ சாப்பிடறதில்லன்னு அம்மா சொன்னாங்க. சாப்பிடு.

இந்த வீட்ல காலையில என்ன நடக்கும்னு உனக்குச் சொன்னதில்ல. அத்தை எழுந்ததும் பால் பாக்கெட்டை எடுத்துட்டு வந்து அடுப்புல வெப்பாங்க. பால் காயற வரைக்கும் எதிர் அலமாரியில இருக்கிற உன் மாமா போட்டோவைத் திட்டுவாங்க. "மெதுவா போ மெதுவா போன்னு எத்தனை தடவைடா சொன்னேன்? காதுல என்ன பஞ்சா வெச்சிருந்த? உன் அவசரத்துக்கு எவ வீட்டுப் பொண்ணுடா கெடைச்சா?" பால் பொங்கினதும் அடுப்பை அணைச்சுட்டு என்கிட்ட வருவாங்க. என் தலையைத் தடவி, "என் பிள்ளை உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டான்மா. அவனுக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்"னு சொல்லுவாங்க.

தினமும். இன்னிக்கும்.

நான் காபியைக் குடிச்சுட்டு கடைக்குப் போயிடுவேன். கடையில வர்றவங்க கண்ணை அளப்பேன். ரெண்டு மில்லிமீட்டர் தப்பினா அவங்களுக்கு தலை வலிக்கும், உலகம் சாய்ஞ்சு தெரியும்னு புதுசா சேர்ந்த பொண்ணுக்கு சொல்லிக் கொடுக்கறேன்.

அந்தக் காரை எனக்கு அனுப்பு. எதுக்குன்னு இப்ப கேக்காதே. சீக்கிரம் அனுப்பு, எனக்கு தைரியம் இருக்கும்போதே.

பொம்மையையும் அனுப்பு. மூக்கு வந்துடுச்சுன்னு சொன்னியே, பார்க்கணும்.

அக்கா

•

மே 10

அக்கா,

நலம், சாப்பிடறேன். நீயும் அத்தையும் நல்லா இருங்க.

பார்சல் அனுப்பிட்டேன். மூணு அட்டைப் பெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. நடுவுல என் தலையணைப் பஞ்சு. திறக்கும்போது கண்ணாடியைப் பிடிக்காதே, அடியில பிடி.

ஒரு சின்ன வேலை பண்ணியிருக்கேன். பார்த்தா உனக்கே புரியும். ரெண்டு நாள் ஆச்சு. ரம்பம் போட்டு அறுத்து, புட்டி அடிச்சு, தேய்ச்சு, மேல பெயிண்ட். என் வாழ்க்கையிலயே நீட்டா பண்ண வேலை இதுதான். எவன் வந்து பார்த்தாலும் இனிமே ஒரு கேள்வி கேக்க முடியாது.

'எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்'னு நான் சொல்லிட்டுத் திரிஞ்சதெல்லாம் சும்மா. எனக்கு நீதான் முக்கியம்.

இதைப் பத்தி நாம பேசவே வேணாம். எப்பவும்.

பிசின்

•

ஜூன் 30

தம்பிக்கு,

அத்தை நல்லா இருக்காங்க. இத்தனை மாசத்துல இப்பதான் நல்லா இருக்காங்க. அதுதான் பிரச்சனை.

இதை எழுத எனக்கு அம்பது நாள் ஆச்சு. ஆரம்பத்துல இருந்து சொல்றேன். நீ கேக்கல. ஆனா யாராவது ஒருத்தருக்கு நான் முழுசா சொல்லணும்.

மூணு ஞாயித்துக்கிழமையா உன் மாமா எனக்கு கார் ஓட்டக் கத்துக் கொடுத்துட்டு இருந்தார். லைசென்ஸ் வாங்கின அப்புறம் எல்லார்கிட்டயும் சொல்லி அசத்தலாம்னு ரகசியமா வெச்சிருந்தோம். அன்னிக்குத் திரும்பி வரும்போது ரோடு காலியா இருந்துச்சு. "வா குள்ளக்கத்தரிக்கா, நீ ஓட்டு"ன்னார். சீட்டை முன்னாடி இழுத்து விட்டதே அவர்தான். "இன்னும் இழுத்தா நீ பானெட் மேலதான் உட்காரணும்"னு சிரிச்சார். மழை தூற ஆரம்பிச்சுது. தண்ணி பாட்டிலை எடுக்கறேன்னு பெல்ட்டைக் கழட்டிட்டு பின்னாடி திரும்பினார். அப்பதான் அந்த வளைவு. நான் பிரேக்கை ஒரே மிதியா மிதிச்சுட்டேன். வழுக்கி, பள்ளத்துல உருண்டோம்.

ஆளுங்க வந்தப்போ ரெண்டு பேரும் வெளியில கிடந்தோம். ஆஸ்பத்திரியில அத்தை வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "வேகமா வந்தானாம்மா?"ன்னு கேட்டாங்க. 'அவன்'னு அவங்களே சொல்லிட்டாங்க. நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு ஆட்டுதான். அதுக்கப்புறம் ஒரு வருஷமா அந்த ஆட்டைத் திரும்ப வாங்கிக்க முடியல.

நீ பல்லு பல்லா அளந்ததைப் பார்த்தப்போ எனக்கு முதல்ல பயம். அப்புறம், உன் ஏப்ரல் லெட்டர் வந்ததும், வேற ஒண்ணு தோணுச்சு. என் வாயால சொல்ல வரல, இந்தக் கார் சொல்லுமேன்னு. அத்தை கையில அதைக் கொடுப்பேன். "அத்தை, இந்த சீட் எங்க இருக்கு பாருங்க, உங்க பிள்ளை கால் இதுல நுழையுமா"ன்னு கேப்பேன். மிச்சத்தை அவங்களே புரிஞ்சுப்பாங்க. எனக்கு அந்த ஒரு கேள்வி கேக்கற தைரியம் மட்டும் போதும். அதை நாள் கணக்கா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன்.

பார்சல் வந்துச்சு. நான் முன்னாடியே பிரிச்சா தைரியம் போயிடும்னு, அத்தை எதிர்லயே பிரிச்சேன். பஞ்சை எடுத்தேன். அத்தை அடியில பிடிச்சுத் தூக்கினாங்க. உள்ள உன் மாமா, நீலச் சட்டையில, ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு, காலை நீட்டி சொகுசா உட்கார்ந்திருக்கார். சீட் பின்னாடி இருக்கு.

மூக்கு அவரேதான்டா.

அத்தை காரைக் கண்ணுக்கிட்ட கொண்டு போனாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் விரலால அந்தக் கூரையைத் தட்டி, "மெதுவா ஓட்டுடா"ன்னாங்க. அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. பக்கத்து சீட்டைப் பார்த்துட்டு, "நீ எங்கம்மா, காலியா இருக்கே?"ன்னாங்க.

"நானும் இருந்தேன் அத்தை."

"அவன் பக்கத்துலதானே?"

"ஆமா அத்தை. அவர் பக்கத்துலதான்."

பொய் கூட இல்ல பாரு.

இப்ப அந்தக் கார் அலமாரியில, போட்டோ பக்கத்துல இருக்கு. அத்தை காலையில திட்டறதில்ல. பால் காயற வரைக்கும் காரைத் துடைக்கறாங்க. "சரி விடு, போனது போச்சு, உன்னை மன்னிச்சுட்டேன்"னு அதுகிட்ட சொல்றாங்க. செய்யாத தப்புக்கு அவரை மன்னிச்சாச்சு. அதை நின்னு கேக்கறதுக்கு, அவங்க திட்டினதே தேவலாம்.

உன்மேல தப்பு இல்ல. எதுக்குன்னு உன்கிட்ட நான் சொல்லியிருக்கணும். ஒரு வரி எழுதியிருந்தா போதும். 'சீட்டைத் தொடாதே'. ரெண்டே வார்த்தை.

அக்கா

•

ஜூலை 15

அக்கா,

நாலு லெட்டர் எழுதிக் கிழிச்சேன். இது அஞ்சாவது. நலம்னு எழுத வரல. நீ நல்லா இருக்கணும், அது மட்டும்தான்.

நீ கேக்காதேன்னுதான் சொன்ன, இருந்தாலும் நான் உன்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். நாப்பத்திமூணு போட்டோ எடுத்தவன், ஒரு பம்பர் கோட்டுக்கு அப்பாகிட்ட ஏழு தடவை போய் 'இவ்ளோ நீளமா, அவ்ளோ நீளமா'ன்னு கேட்டவன், உன்கிட்ட 'எதுக்குக்கா கார்?'னு ஒரு தடவை கேக்கல. எனக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன். கண்ணை மூடிக்கிட்டு அளவெடுத்துட்டேன்.

இப்ப எனக்குத் தெரிஞ்சது ஒரே ஒரு விஷயம்தான். அதைச் சொல்றேன். செய்யறதும் விடறதும் உன் இஷ்டம்.

முதல்ல நான் சீட்டை பிளாஸ்டிக் சிமெண்ட்ல ஒட்டியிருந்தேன். அது பிளாஸ்டிக்கையே உருக்கி ஒட்டும், பிரியவே பிரியாது. அதனாலதான் அறுத்தேன். ரெண்டாவது தடவை அவசரத்துல சூப்பர் க்ளூ போட்டேன். சூப்பர் க்ளூவுக்குக் குளிர் ஆகாது. காரை அப்படியே ஒரு கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல ரெண்டு மணி நேரம் வை. பசை கண்ணாடி மாதிரி ஆயிடும். வெளியில எடுத்த உடனே கதவைத் திற. கதவு திறக்கும், பயப்படாதே. சீட்டுக்கு அடியில பிளேடு நுனியை விட்டு லேசா திருப்பு. 'டிக்'னு ஒரு சத்தம் வரும். அவ்ளோதான். மாமாவும் சீட்டோட வந்துடுவார். சீட்ல இருந்து அவரைப் பிரிக்கவும் அதே பிளேடுதான். பக்கத்து சீட்டும் அப்படித்தான். அதை நான் முன்னாடி இழுத்திருக்கேன், பின்னாடி தள்ளணும்.

பழைய இடம் எங்கேன்னு நீ தேட வேணாம். அது பெயிண்டுக்கு அடியிலதான் இருக்கு. எவ்ளோ புட்டி அடிச்சும் அந்த ரெயில் மேடு முழுசா மறையல. நீட்டா பண்ணேன்னு எழுதினேன்ல, அது பொய். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால தடவினா தட்டும். முன்பக்கம் ஆறு மில்லிமீட்டர்.

நான் வந்து பண்ணட்டுமான்னு கேக்க மாட்டேன். நான் தொட்டது போதும்.

அத்தை அந்தக் காரைத் துடைக்கறாங்கன்னா பானெட் வெளுப்பு போயிடும். போகட்டும்.

பிசின்

•

ஜூலை 27

பிசினுக்கு,

நீ எப்படி இருக்க? நான் எப்படி இருக்கேன்னு இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கடை லீவு. அத்தை குளிக்கப் போனப்போ அலமாரியில இருந்து காரை எடுத்தேன். கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல வெச்சேன். பிளேடை மேஜை மேல எடுத்து வெச்சேன். ரெண்டு மணி நேரம் சும்மா உட்கார முடியாதுன்னுதான் உனக்கு எழுத ஆரம்பிச்சேன்.

உன் நம்பரை அன்பிளாக் பண்ணிட்டேன். ஒன்பது இடத்துலயும். அதுல ரெண்டு ஆப் எனக்கும் மறந்து போச்சு, பாஸ்வேர்டு கேக்குது. ஆனா இன்னிக்கு போன் பண்ணாதே.

நான் என்ன நெனைச்சேன்னா, காரை வெளியில எடுத்து, சீட்டைப் பிரிச்சு, பழைய இடத்துல வெச்சுட்டு, அப்புறம் அத்தையைக் கூப்பிடலாம்னு. மறுபடியும் அந்தக் கார் சொல்லட்டும்னு. பாரு, இப்பவும் எனக்கு பதிலா ஒரு பொம்மை பேசணும்னு எதிர்பார்க்கறேன்.

அப்படி நடக்கல. நான் இங்க எழுதிட்டு இருக்கும்போதே அத்தை குளிச்சுட்டு வந்து, வலிக்கிற கணுக்காலுக்கு ஐஸ் வைக்கணும்னு ஃப்ரீசரைத் திறந்துட்டாங்க. கவரை எடுத்துப் பிரிச்சாங்க. கண்ணாடி பூரா பனி பிடிச்சு உள்ள ஒண்ணும் தெரியல. கையில வெச்சுக்கிட்டு என்னைப் பார்த்து, "எதுக்கும்மா என் பிள்ளையை மறுபடியும் ஐஸ் பெட்டியில வெச்ச?"ன்னாங்க. கோபமே இல்லாம கேட்டாங்க. அந்தப் பனியை விரலால துடைச்சுக்கிட்டே கேட்டாங்க.

எனக்கு கண்ணாடி முன்னாடி சொல்லிப் பார்த்தது எதுவும் ஞாபகம் வரல. காரை அவங்க கையில இருந்து வாங்கி மறுபடி உள்ள வெச்சு மூடினேன்.

"உட்காருங்க அத்தை, சொல்றேன்"னேன்.

"யாருக்கும்மா எழுதிட்டு இருக்க?"

"பிசினுக்கு அத்தை."

"சரி, அதை முடிச்சுட்டே சொல்லு. நான் எங்கயும் போகல"ன்னு எதிர் நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. காலை நீட்டி, ஐஸை கணுக்கால்ல வெச்சுக்கிட்டு, நான் முடிக்கறதுக்காகக் காத்துட்டு இருக்காங்க. என் தலைமுடி நெத்தியில விழுந்துச்சு, இப்பதான் எட்டி ஒதுக்கி விட்டாங்க. அந்தக் கை இன்னும் சில்லுனு இருக்கு.

அம்மா அப்பாவைப் பார்த்துக்கோ. பேனாவை வைக்கறேன்.

அக்கா